கிளாஸா, மேட்டா? பெட்டிக்கு மேற்பூச்சு தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சிவகாசி அச்சகத்தில் பெட்டி ஆர்டர் கொடுக்கப் போனால், விலை பேசும்போதே ‘கிளாஸா, மேட்டா?’, அதாவது பளபளப்பா, பளபளப்பில்லாததா என்று கேட்டுவிடுவார்கள். மதுரைப் பக்கமிருந்து பால்கோவாவுக்கோ மசாலாப் பொடிக்கோ சோப்புக்கோ முதன்முதலாகப் பெட்டி அடிக்கப் போகிறவர், மேசையில் கிடக்கும் சாம்பிள்களைத் தடவிப் பார்த்து, கைக்கு இதமாக இருப்பதைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்து மடிப்பில் வெள்ளைக் கோடு, தேதி அழிந்த பெட்டி, ஒட்டு விட்டுப் பிரிந்த அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இவற்றில் பெரும்பாலானவை அச்சடித்தவரின் கைப்பிழை அல்ல. பூச்சைத் தேர்ந்தெடுத்த அன்றே உள்ளே நுழைந்த பிழை.

ஆஃப்செட் மெஷினில் அச்சாகி, டை கட்டிங்கில் பெட்டி வடிவத்துக்கு வெட்டப்பட்டு, மடித்து ஒட்டப்படும் அட்டைப் பெட்டிகளை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். சேலைப் பெட்டி போன்ற கெட்டிப் பெட்டிகளைப் பற்றியும் ஓரிடத்தில் வரும்.

பெட்டி என்ன பாடு படும்?

அச்சகத்துக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போகும் பொருளில் எண்ணெய், நெய், ஈரம் உண்டா? அது நேரே அட்டையைத் தொடுமா, நடுவில் கவர் இருக்குமா? ஃபிரிட்ஜில் வைப்பார்களா? மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் பார்சலில் போகுமா, கூரியரிலா, உங்கள் சொந்த வண்டியிலா? கடையில் வெயில் விழும் முன்வரிசையில் நிற்குமா? பெட்டியை மடிப்பது கையா, மெஷினா? தேதியையும் விலையையும் எதைக்கொண்டு, எந்த இடத்தில் அடிப்பீர்கள்? எத்தனை மாதத்தில் விற்றுத் தீரும்?

தேதி அடிக்கும் இடத்தைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. பெட்டி முழுக்க லேமினேஷன் போட்டு வாங்கிவிட்டு, பிறகு ரப்பர் ஸ்டாம்பால் தேதி குத்துவார்கள். பிளாஸ்டிக் மேல் ஸ்டாம்ப் மை ஊறாது, விரல் பட்டதும் போய்விடும். தேதி தெரியாத உணவுப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

விற்றுத் தீரும் காலமும் அப்படித்தான். சில நாளில் வாங்கி, தின்று, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடும் இனிப்புக்கு, இரண்டு வருஷம் பீரோவில் இருக்கப் போகும் சேலைப் பெட்டியின் பூச்சு எதற்கு? அந்தப் பணத்தை நல்ல போர்டில் போடலாம்.

போர்டு சரியில்லையென்றால் பூச்சு காப்பாற்றாது

முன்புறம் வெள்ளை, பின்புறம் சாம்பல் நிறமாக வரும் கிரே பேக் டூப்ளெக்ஸ் பழைய காகிதத்திலிருந்து செய்யப்படுகிறது. விலை குறைவு. உள்ளே தனி கவர் இருக்கிற மசாலா, ஊதுபத்தி, பல்பு போன்றவற்றுக்குப் போதும். ஆனால் பழைய செய்தித்தாள் மையிலிருந்த கனிம எண்ணெய் அந்தக் கூழில் தங்கியிருக்கும் என்பதால் உணவு நேரே அதைத் தொடக்கூடாது. இனிப்புக்குப் புதுக் கூழில் செய்த எஃப்பிபி அல்லது எஸ்பிஎஸ் போர்டு கேளுங்கள். கால் கிலோ, அரைக் கிலோ பெட்டிக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பொதுவாக நிற்கும்.

பழுப்பு கிராஃப்ட் போர்டு இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. அதன் மேல் நேராக யூவி வார்னிஷ் (புற ஊதா விளக்கில் காயவைக்கும் பூச்சு) ஓடவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் மூடிய பரப்பு இல்லாததால் திரவம் அட்டைக்குள் இறங்கிவிடும். விளக்கு வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அது காயாமலே கிடக்கும். பளபளப்பும் வராது, பெட்டியைத் திறந்தால் வாடை அடிக்கும். கிராஃப்டின் அழகே அதன் சொரசொரப்புதான். வெறுமனே விடுவதோ, வாட்டர் பேஸ் மேட் பூச்சோடு நிறுத்திக்கொள்வதோ நல்லது.

பூச்சு வகைகளும் அவற்றின் குணமும்

மலிவானது ஆயில் வார்னிஷ். மை போலவே ஆஃப்செட் யூனிட்டில் ஓடி, மை போலவே காற்றில் காயும். முழுதாகக் காய மணிக்கணக்காகும். நாளானால் வெள்ளைப் பகுதி லேசாக மஞ்சளிக்கும். உள்ளே வைக்கும் துண்டுச் சீட்டுக்கும் குறைந்த நாளில் தீரும் பெட்டிக்கும் பரவாயில்லை.

வாட்டர் பேஸ் கோட்டிங்கைத்தான் உணவுப் பெட்டிக்கு முதலில் யோசிக்கச் சொல்வோம். அச்சு மெஷினின் கடைசியில் இருக்கும் கோட்டர் வழியாக ஓடி, இன்ஃப்ராரெட் சூட்டிலும் வெப்பக் காற்றிலும் உடனே காய்ந்துவிடும். காய்ந்தபின் சதுர மீட்டருக்குச் சுமார் 2, 3 கிராம்தான் இருக்கும். வாடை மிகக் குறைவு. ஒட்டுவதற்கு ஏற்ற ரகம் என்று கேட்டு வாங்கினால் பசையும் பிடிக்கும். கிளாஸ், மேட், இரண்டுக்கும் நடுவிலான சாட்டின் மூன்றிலும் கிடைக்கும். யூவி அளவுக்குப் பளபளக்காது என்பதுதான் தோற்றத்தில் குறை.

இதில் இரண்டு இடங்களில் ஜாக்கிரதை வேண்டும். இந்தப் பூச்சில் அம்மோனியா கலந்திருப்பதால் அதற்குக் காரத்தன்மை (ஆல்கலி) உண்டு. காரம் தாங்காத மைகளின் நிறத்தை அது தின்றுவிடும். ரிஃப்ளெக்ஸ் ப்ளூ, ரோடமைன், வயலட் மூன்றும் இதில் பேர் போனவை. அச்சாகும்போது சரியாக இருந்த ஊதா, ஓரிரு நாளில் வெளுத்து வேறு நிறமாக நிற்கும். நம் ஊரில் இனிப்புக்கும் துணிக்கும் அடர் ரோஸும் ஊதாவும் இல்லாமல் டிசைன் வருவது அபூர்வம் என்பதால், காரம் தாங்கும் மை வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவது, சூடு. டிரையரிலிருந்து வரும் ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும்போது அடுக்குக்குள் சூடு தேங்கும். கத்திரி வெயிலில் அறையே 38, 40 டிகிரியில் இருந்தால் அந்த அடுக்கு ஆறவே ஆறாது. பூச்சு இளகி ஷீட்டும் ஷீட்டும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மையும் சேர்ந்து உரியும். சித்திரை, வைகாசியில் ஆர்டர் கொடுத்தால், உயரமாக அடுக்காமல் சிறு சிறு அடுக்குகளாக ஆறவிடச் சொல்லுங்கள்.

யூவி கோட்டிங் கண்ணாடிப் பளபளப்பு தரும். திரவமாக ஓடி, புற ஊதா விளக்கின் கீழ் நொடியில் கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மை உரசலைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. மடித்த இடத்தில் கண்ணாடி போல் வெடிக்கும். சாதா ஆஃப்செட் மை காய்வதற்குள் மேலே யூவி ஓடவிட்டால், அன்று பளபளத்தது அடுத்த நாள் மங்கிப்போகும். அடியிலிருக்கும் மை காயும்போது மேற்பரப்பைச் சுருக்கிவிடுவதே காரணம். எனவே அச்சுக்கும் யூவிக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வாட்டர் பேஸ் பிரைமர் (அடிப்பூச்சு) ஓட வேண்டும். ‘சாயங்காலமே தந்துவிடுகிறோம்’ என்றால் நடுவில் என்ன ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

லேமினேஷன் பூச்சே அல்ல, பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது. பிஓபிபி எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் ஃபிலிம் 12 மைக்ரானில், அது மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிராம் வரும், பசை தனி. கிழியாது, மடிப்பில் எளிதில் வெடிக்காது, மேலே தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாது. கிளாஸ் ஃபிலிம் நிறத்தை ஆழமாகக் காட்டும். மேட் ஃபிலிம் கறுப்பைச் சாம்பலாக்கும், அடர் நிறங்களை ஒரு படி மங்கவைக்கும். அதனால் திரையில் பார்த்த நிறத்தை வைத்து மேட்டுக்குச் சம்மதம் சொல்லக்கூடாது.

மேட் லேமினேஷனின் பெரிய பலவீனம் உரசல். கறுப்பு, கருநீலம், மெரூன் பின்னணியில் மேட் போட்ட பெட்டிகள் மாஸ்டர் கார்ட்டன் எனப்படும் பெரிய வெளிப்பெட்டிக்குள் ஆடி ஆடி வரும்போது உரசிய இடமெல்லாம் பளபளத் தடமாகும். நகத்தால் கீறினாலே தெரியும். கூரியரில் போகும் சரக்கென்றால் கீறல் தாங்கும் மேட் ஃபிலிம் கேளுங்கள், அல்லது பின்னணியை வெளிர் நிறமாக மாற்றுங்கள். வெல்வெட் எனப்படும் மெத்தென்ற ஃபிலிம் தொடுவதற்கு இதமானது, ஆனால் எண்ணெய்க் கை பட்டால் தடம் விழும். மசாலாக்காரர்களுக்கு அது வேண்டாம். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் அதில் படிந்தால் துடைத்தாலும் போகாது.

டிரிப் ஆஃப் என்று ஒரு வழி இருக்கிறது. முதலில் ஆஃப்செட் யூனிட்டில் ஒரு மேட் வார்னிஷ், அதன் மேல் முழுதும் கிளாஸ் பூச்சு. வார்னிஷ் இருக்கும் இடத்தில் கிளாஸ் விலகிச் சொரசொரப்பாகும், மற்ற இடம் பளபளக்கும். மேட்டும் கிளாஸும் ஒரே ஓட்டத்தில், அச்சுக்கு இம்மி பிசகாமல் வரும். பெரிய எண்ணிக்கைக்குத்தான் கட்டும்.

லேமினேஷனில் என்னென்ன கெடும், ஏன்

அடர் நிறத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் அது ‘சில்வரிங்’. ஷீட்டுகள் ஒட்டாமலிருக்க அச்சில் தூவும் பவுடர், ஃபிலிமுக்கும் மைக்கும் நடுவில் குன்று குன்றாக நிற்கும்; அதைச் சுற்றிப் பசை இறங்காமல் நுண்ணிய காற்று இடம் விடும். பவுடர் குறைவாக, நேர்த்தியாகத் தூவ வேண்டும். லேமினேஷனுக்கு முன் ஷீட்டைத் துடைத்து அனுப்ப வேண்டும். உருளையின் சூடும் அழுத்தமும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

வாங்கும்போது நன்றாக இருந்து, ஒரு வாரத்தில் கொப்புளம் கிளம்பினால் மை காயுமுன் ஒட்டியிருக்கிறார்கள். சாதா ஆஃப்செட் மைக்கு 24 மணி நேரமாவது கொடுக்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதல். மடிப்பு ஓரத்தில் ஃபிலிம் தூக்கிச் சுரங்கம் போல நின்றால் பசை போதவில்லை, அல்லது கிரீஸிங் (மடிப்புக்காக அழுத்திப் போடும் பள்ளக் கோடு) ஆழம் அதிகம்.

ஷீட் சுருள்வதுதான் நம் ஊரில் அடிக்கடி வரும் புகார். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் வெறும் அட்டை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைப் பக்கம் தண்ணீரை உறிஞ்சி நீளும், பிளாஸ்டிக் நீளாது. எனவே ஃபிலிம் பக்கமாகச் சுருளும். பங்குனி, சித்திரைக் காய்ச்சலில் அட்டை ஈரம் இழந்து சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும். ஃபிலிமை இழுத்துப் பிடித்து ஒட்டினாலும் சுருளும். கையால் மடிப்பவர் எப்படியோ சமாளிப்பார்; மெஷினில் மடித்தால் சுருண்ட பெட்டி வாயைத் திறக்காது, வேலை நின்றுவிடும்.

மடிப்பு வெடிப்புக்குப் பூச்சை மட்டும் குறை சொல்லக்கூடாது. காகித இழை மடிப்பின் திசையிலேயே ஓடினால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே ஓடினால் வெடிக்கப் பார்க்கும். பெட்டி புடைக்காமலிருக்க உடல் மடிப்புகளுக்குக் குறுக்கே இழை வைப்பதுதான் வழக்கம் என்பதால் கிரீஸிங் சரியாக இருந்தே ஆக வேண்டும். கிரீஸ் பள்ளத்தின் அகலத்துக்கு எளிய கணக்கு: போர்டின் தடிமனை ஒன்றரையால் பெருக்கி, அந்தக் கோட்டைப் போடும் தகடான கிரீஸ் ரூலின் தடிமனைக் கூட்டுங்கள். 0.4 மி.மீ போர்டு, 0.7 மி.மீ ரூல் என்றால் பள்ளம் 1.3 மி.மீ. அதைவிடக் குறுகினால் அட்டை நசுங்கிக் கிழியும், அகன்றால் மடிப்பு கோணலாகப் போகும்.

பசை பிடிக்கும் இடம், தேதி விழும் இடம்

இந்த இரண்டு இடத்திலும் பூச்சு இருக்கக்கூடாது. இதை டிசைன் செய்பவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

யூவியோ வார்னிஷோ என்றால் பசை தடவி ஒட்டும் நாக்கான ஃப்ளாப்பின் மேல்புறத்தில் பூச்சையும் மையையும் வெட்டிவிட வேண்டும். மடிப்புக் கோட்டிலேயே நிறுத்தினால், டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மூலையில் வெள்ளைப் பட்டை தெரியும். எனவே மையையும் பூச்சையும் மடிப்பைத் தாண்டி 1 அல்லது 2 மி.மீ உள்ளே விட்டு, மீதியை வெறும் போர்டாக வையுங்கள்.

லேமினேஷனில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி விடுவது சுலபமல்ல. பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாததால் சாதா வெள்ளைப் பசை அதன் மேல் தோலாக உலர்ந்து உரியும். வழி இரண்டு. ஒன்று, வெளிப்புறமும் கொரோனா ட்ரீட்மென்ட் (பசை பிடிக்கும்படி மின்பொறியால் பரப்பைப் பதப்படுத்துவது) செய்த ஃபிலிம் வாங்கி, லேமினேஷன் பெட்டிக்கென்றே வரும் பசை போடுவது. மேற்பரப்பு 38 டைனுக்குக் (பரப்பில் பசையும் மையும் எவ்வளவு பரவிப் பிடிக்கும் என்பதன் அளவு) குறையாமல் இருக்க வேண்டும். டைன் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும்: கோடு அப்படியே நின்றால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் பசையும் ஒட்டாது, வேண்டிய இடத்தில் மட்டும் போடும் ஸ்பாட் யூவியும் ஒட்டாது. ட்ரீட்மென்ட் நாள்பட நாள்பட இறங்கும் என்பதால் லேமினேஷன் முடித்த ஷீட்டை மாதக்கணக்கில் போட்டுவைத்து ஒட்டாதீர்கள். இரண்டாவது வழி, டை கட்டிங்கிலேயே ஃப்ளாப்பில் சிறு சிறு கீறல்கள் விழும்படி ரூல் வைப்பது. பசை கீறல் வழியாக அட்டைக்குள் இறங்கிப் பிடிக்கும். சிறு எண்ணிக்கைக்கு இதுவே சிக்கனம்.

தேதி, பேட்ச் எண், விலை மூன்றுக்கும் சேர்த்து 40×15 மி.மீ அளவில் வெள்ளையாக ஒரு ஜன்னல் விடுங்கள். வாட்டர் பேஸ், யூவி இரண்டிலும் அந்த இடத்தைப் பூச்சில்லாமல் விட முடியும். லேமினேஷன் போட்டே ஆக வேண்டுமென்றால், பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் சால்வென்ட் மை ஓடும் இங்க்ஜெட் மெஷின் வேண்டும், அல்லது தேதியைத் தனி லேபிளில் அடித்து ஒட்ட வேண்டும். ரப்பர் ஸ்டாம்போடு லேமினேஷன் சேராது.

பார்கோடு மேல் ஃபாயிலோ (சூட்டில் பதிக்கும் தங்க, வெள்ளி மினுக்குத் தாள்) ஸ்பாட் யூவியோ போடாதீர்கள். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க இஏஎன் 13 பார்கோட்டின் முழு அளவு 37.29×25.93 மி.மீ; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக்கூடாது. இரு பக்கமும் விடும் வெள்ளை இடத்தையும் டிசைனர் சாப்பிட்டுவிடாமல் பாருங்கள்.

உணவுப் பெட்டியில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் கொண்டுவந்த பேக்கேஜிங் ஒழுங்குமுறைகளின்படி உணவுப் பொட்டலத்தில் அடிக்கும் மை ஐஎஸ் 15495 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். அச்சகத்திடம் மையின் பேரையும் அந்தத் தரத்துக்கான சான்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சோதனைக்கு வருபவர் முதலில் கேட்பது உங்களைத்தான்.

‘மை வெளிப்பக்கம்தானே இருக்கிறது, உணவு எங்கே தொடுகிறது?’ என்று நினைக்கலாம். அச்சான ஷீட்டுகளை அடுக்கும்போது ஒன்றின் மேல்புறம் அடுத்ததன் அடிப்புறத்தைத் தொடுகிறது. அந்த அடிப்புறம்தான் பெட்டியின் உட்புறம். யூவி பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருந்தால் அதிலுள்ள ஒளி ஊக்கிகள் (விளக்கொளியில் பூச்சைக் கெட்டியாக்கும் ரசாயனங்கள்) அப்படியே உள்ளே ஏறிக்கொள்ளும். 2005-ல் இத்தாலியில் குழந்தைப் பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளி ஊக்கி கண்டுபிடிக்கப்பட்டுப் பெருமளவு சரக்கு கைப்பற்றப்பட்டது. அட்டையின் வெளிப்புற யூவி மையிலிருந்து உட்புறத்துக்குப் போனதுதான் அது. இனிப்பு நேரே அட்டையில் உட்காரும் பெட்டிக்கு வாட்டர் பேஸைத் தாண்டி யோசிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: இனிப்புப் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. முன்பு அந்தச் சுற்றுத்தாள் தாங்கிய கை அழுக்கையும் உரசலையும் இப்போது பெட்டியின் பூச்சே தாங்க வேண்டும். பூச்சில்லாமல் விட்டால் கல்யாணச் சீசனில் கைமாறிக் கைமாறி மை கரையும்.

எந்தச் சரக்குக்கு எது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெட்டிக்கு எதிரி நெய். வெளியே எவ்வளவு விலை உயர்ந்த லேமினேஷன் போட்டாலும் நெய் உள்ளிருந்துதான் வரும். அட்டை வழியாக ஊறி ஃபிலிமுக்கு அடியில் கறையாக நிற்கும். எனவே உள்ளே நெய் தாங்கும் காகிதமோ, உட்புறம் எண்ணெய், நெய் தாங்கும் பூச்சுள்ள போர்டோ வேண்டும். வெளியே கிளாஸ் வாட்டர் பேஸ் போதும்.

ஃபிரிட்ஜுக்குள் போகும் ஜிகர்தண்டா, ஐஸ்கிரீம் வகைகளில் பெட்டியை வெளியே எடுத்ததும் வியர்க்கும். தண்ணீர் லேமினேஷன் மேல் நிற்காமல் வெட்டிய ஓரங்கள் வழியே உள்ளே இறங்கும். ஒரு பக்க லேமினேஷனால் பலனில்லை. இரு பக்கமும் பாலித்தீன் பூசிய போர்டும், வெட்டு ஓரம் வெளியே தெரியாத மடிப்பு அமைப்பும் வேண்டும்.

சோப்பு காரம் உள்ளது. வாட்டர் பேஸில் சொன்ன அதே மைப் பிரச்சினை இங்கே உள்ளிருந்து வரும். காரம் தாங்கும் மை கட்டாயம். ஊதுபத்தியிலும் வாசனை எண்ணெயிலும் கசியும் வாசனைத் திரவம் பூச்சை இளக்கும். உள் கவரை நன்றாக மூட வேண்டும். போடி ஏலக்காயின் மணத்தையும் பூச்சு காக்காது, உள் கவர்தான் காக்கும். வெளியே உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள்.

சுங்குடிச் சேலைக்கான கெட்டிப் பெட்டியில், தடித்த அட்டையின் மேல் 130 அல்லது 150 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் அச்சடித்துச் சுற்றி ஒட்டுவார்கள். நான்கு மூலையும் கூர்மையாக மடங்குவதால் லேமினேஷன் இல்லாமல் பேப்பர் கிழியும். மேட் லேமினேஷன், நடுவில் தங்க ஃபாயிலில் கடைப்பெயர் என்பது நன்றாக நிற்கும். ஸ்பாட் யூவியை ஓரத்திலிருந்து 5 மி.மீ உள்ளே தள்ளியே வையுங்கள். மூலையில் மடங்கினால் அதுவும் வெடிக்கும்.

ஸ்பாட் யூவி, ஃபாயில், எம்பாஸ்

மேட் லேமினேஷனின் மேல் ஸ்பாட் யூவி அழகாக எடுபடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிப்பதால் அரை மி.மீ அளவு நகரலாம் என்று எண்ணியே டிசைன் செய்யுங்கள். சிறு எழுத்தின் மேல் போட்டால் நிழல் விழுந்தது போல இரட்டையாகத் தெரியும். பெரிய எழுத்து, படத்தின் வடிவம், தனியாக நிற்கும் கோலம் போன்றவற்றுக்கு வையுங்கள். ஃபைலில் அதைத் தனி ஸ்பாட் நிறமாக, 100 சதவீதம், ஓவர்பிரிண்ட் போட்டு, வெக்டாராகக் கொடுக்க வேண்டும். ஓவர்பிரிண்ட் விட்டுப்போனால் அடியிலிருக்கும் நிறம் வெட்டுப்பட்டு வெள்ளை ஓட்டை விழும். 

ஃபாயிலுக்குக் கோடு 0.25 மி.மீக்கு மெலியக்கூடாது, தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் கனமான எழுத்துருவைச் சற்றுப் பெரிதாக எடுங்கள். ‘ண’, ‘ஞ’ வரும் பெயர்களில் சுழியின் உள் இடைவெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேமினேஷனுக்கும் வெறும் போர்டுக்கும் ஃபாயில் ரகம் வேறு வேறு, முன்கூட்டியே சொல்லுங்கள். அட்டையைப் புடைக்கவைக்கும் எம்பாஸுக்குச் செலவு ஒரு அச்சுக்கட்டைதான், ஆனால் மெல்லிய போர்டில் எடுபடாது.

செலவுக் கணக்கு

லேமினேஷனையும் யூவியையும் 100 சதுர அங்குலத்துக்கு இத்தனை பைசா என்று பேசுவார்கள். கணக்குக்காக 50 பைசா என்று வைப்போம். டபுள் கிரவுன் 20×30 அங்குல ஷீட் 600 சதுர அங்குலம். ஒரு ஷீட்டுக்கு 3 ரூபாய். அதில் 6 பெட்டி விழுந்தால் பெட்டிக்கு 50 பைசா. 5,000 பெட்டிக்கு 2,500 ரூபாய். பெட்டியின் விரித்த அளவை ஒரு சென்டிமீட்டர் குறைத்து ஷீட்டில் 8 விழ வைத்தால் அச்சு, போர்டு, பூச்சு மூன்றிலும் மிச்சமாகும். விலையைப் பேரம் பேசுவதைவிட இது பெரிய லாபம்.

ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் செட்டிங்கில் சில பத்து ஷீட்டுகள் வீணாகும். லேமினேஷன், ஸ்பாட் யூவி, ஃபாயில், எம்பாஸ் நான்கும் 1,000 பெட்டிக்கு வேண்டுமென்றால் சேதாரமே பெரிய பங்கைத் தின்றுவிடும். ஸ்கிரீன், ஃபாயில் பிளாக் இரண்டும் முதல் தடவைச் செலவு. பிளாக் யாரிடம் இருக்கும் என்பதை எழுதி வாங்குங்கள்.

ஆர்டருக்கு முன் வீட்டிலேயே செய்யும் சோதனை

அச்சகத்தில் நீங்கள் கேட்கும் அதே போர்டு, அதே பூச்சில் பழைய ஷீட் பத்துக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

ஒன்றின் முகத்தை மற்றொன்றின் முகத்தோடு வைத்து, மேலே ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து நூறு தடவை உரசுங்கள். மை ஏறினாலோ பளபளத் தடம் விழுந்தாலோ கூரியருக்கு ஆகாது. கிரீஸ் போட்ட இடத்தில் முன்னும் பின்னும் ஐந்து தடவை மடித்து லென்ஸில் பாருங்கள். செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். ஸ்பாட் யூவியும் ஃபாயிலும் கூடவே வரக்கூடாது. உங்கள் பசையில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பிய்த்துப் பாருங்கள். அட்டையின் நார் கிழிந்தால் ஒட்டு சரி, பசை மட்டும் சுத்தமாக உரிந்தால் தவறு.

வெயிலுக்கு: இரண்டு ஷீட்டை முகத்தோடு முகம் வைத்து, மேலே செங்கல் வைத்து, தகரப் பெட்டிக்குள் மொட்டைமாடியில் ஒரு பகல் விடுங்கள். ஒட்டிக்கொண்டால் உங்கள் கோடை கோடவுனிலும் ஒட்டும். இன்னொரு ஷீட்டின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். சாதா லேமினேஷன் அதைத் தடுக்காது. வெளுப்பு தாங்கும் மைதான் வழி.

யூவி நன்றாகக் காய்ந்ததா என்று அறிய, பெருவிரலை அழுத்தித் திருகுங்கள். தோல் போல இழுபட்டால் காயவில்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துப் பத்து தடவை தேய்த்தால் காய்ந்த பூச்சு மங்காது. நாலைந்து துண்டை ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடி மறுநாள் திறந்து முகருங்கள். அந்த வாடைதான் இனிப்பிலும் ஏறும். 

நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு சொட்டு உட்புறத்தில் விட்டு 24 மணி நேரம் கழித்து வெளிப்புறத்தைப் பார்ப்பதும், உங்கள் தேதி ஸ்டாம்பைக் குத்தி ஒரு நிமிஷம் கழித்து ஈர விரலால் தேய்ப்பதும் ஐந்து நிமிஷ வேலைதான்.

அச்சு நாளிலும் அதற்குப் பிறகும்

முடிந்தால் முதல் ஷீட் வரும்போது அங்கே இருங்கள். பூச்சு ஏறியபின் நிறம் மாறும் என்பதால், பூச்சில்லாத ஷீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். லேமினேஷன் வேறொரு பட்டறையில் நடக்கும் என்றால் நாலு ஷீட்டை முதலில் அங்கே அனுப்பி ஒட்டி வாங்கிப் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

சரக்கு வந்ததும் மேல் கட்டை மட்டும் பார்க்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு கட்டு உருவி மடித்து ஒட்டிப் பாருங்கள். தரையிலோ சுவரோரத்திலோ அடுக்காமல் மரச் சட்டத்தின் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை முன்கூட்டியே பிரிக்காதீர்கள். பேக்கிங் அறைக்கு ஒரு நாள் முன்பே கொண்டுவந்து, உறையோடு வைத்து, மறுநாள் தேவையான அளவு மட்டும் பிரியுங்கள்.

கையெழுத்திட்ட ஷீட்டில் இரண்டை வெளிச்சம் படாத உறையில் போட்டு, போர்டின் பேர், ஜிஎஸ்எம், பூச்சின் ரகம், ஃபிலிமின் மைக்ரான், தேதி எல்லாம் உறை மேல் எழுதி வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அச்சகத்திடம். அடுத்த ஆர்டரில் ‘போன தடவை மாதிரியே’ என்று சொல்லும்போது இருவரும் எடுத்து வைத்துப் பேச அதுதான் இருக்கும்.